வயிற்றுப் புண்ணும் செவிலியர் பணியும்

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் இரண்டு, மருந்து மூன்று, அருகிலிருந்து மருந்தூட்டித் துணைநிற்பவர் நான்கு. முதல் மூன்றைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். எந்த மருத்துவர் கைராசிக்காரர், எந்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று திண்ணையிலும் பேருந்திலும் விவாதிக்கிறோம். நான்காமவரைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. இக்காலத்தில் அந்த நான்காம் இடத்தில் நிற்பவர்கள் செவிலியர்களே.

வயிற்றுப் புண் என்னும் நோயில் இந்த நான்காம் கூறு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் படித்தவையும், சென்ற ஆண்டு என் பெரியப்பா இந்நோயால் அரசு மருத்துவமனை ஒன்றில் ஒன்பது நாள் படுத்திருந்தபோது அவருக்குத் துணையாக இருந்து கண்டவையும் இதற்கு அடிப்படை.

எது வயிற்றுப் புண்?

நம் ஊர்களில் ‘அல்சர்’ என்ற சொல் படாத பாடு படுகிறது. நெஞ்செரிச்சல் என்றாலும் அல்சர், புளியேப்பம் என்றாலும் அல்சர், காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்து பதினொரு மணிக்கு வயிறு கிள்ளினாலும் அல்சர். இவை யாவும் அல்சர் ஆகிவிடமாட்டா. இரைப்பையின் உட்சுவரிலோ, அதை அடுத்துள்ள முன்சிறுகுடலின் உட்சுவரிலோ, மேலே உள்ள சவ்வு முழுவதும் அரிக்கப்பட்டு, அதற்கு அடியிலுள்ள அடுக்கு வரை பள்ளம் விழுந்திருந்தால்தான் அது புண். மேலாகச் சிராய்த்தாற்போல் இருப்பது புண்ணாகாது. முன்சிறுகுடல் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ளது. அதன் தொடக்கத்தில், இரைப்பையிலிருந்து அமிலம் வந்து விழும் இடத்தில்தான் பெரும்பாலான முன்சிறுகுடற் புண்கள் தோன்றுகின்றன.

இரைப்பை தன்னைத்தானே செரித்துக்கொள்ளாதது ஏன்?

1822-ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. அவருக்கு மருத்துவம் செய்த வில்லியம் போமன்ட் என்ற இராணுவ மருத்துவர், உணவுத் துண்டுகளை நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டு, அவை கரைவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். இரைப்பையிலிருந்து எடுத்த நீரை ஒரு குப்பியில் இட்டு, அதில் இறைச்சியைப் போட்டாலும் அது கரைந்துபோவதை அவர் கண்டார்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் அளவு சுரக்கும் இந்த இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியும் உள்ளன. இறைச்சியைக் கரைக்கும் நீர், இறைச்சியால் ஆன இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? நியாயமான கேள்வி. இரைப்பையின் உட்சுவர் மீது கோழை போன்ற ஒரு வழவழப்பான பூச்சு எப்போதும் படர்ந்திருக்கிறது. அப்பூச்சுக்குள் பைகார்பனேட் என்னும் காரப்பொருள் ஊறி, உள்நுழையும் அமிலத்தைச் சமன் செய்கிறது. சுவரின் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றப்படுகின்றன. இவை அனைத்தும் தடையின்றி நடைபெறச் செய்யும் காவலாளிகள் புராஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்கள். ஒரு பக்கம் அமிலம், மறு பக்கம் இந்தக் காப்பு. தராசின் இரு தட்டுகளும் சமமாக உள்ளவரை தொல்லை இல்லை. காப்புத் தட்டு மேலெழும்பினால் புண் தோன்றுகிறது.

பழைய காரணங்களும் புதிய காரணங்களும்

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற கருத்தை 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் வெளியிட்டார். அதன் பிறகு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகமே அமிலத்தையும், அதைப் பெருக்குவதாகக் கருதப்பட்ட கவலையையும் காரத்தையும் குற்றவாளிகளாக நிறுத்தியது. சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்பவர் 1915-இல் வகுத்த உணவு முறையில், நோயாளிக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கொடுத்தார்கள். அதிலும் தீராதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை.

நம் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1922, 1924-ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயக் குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்டு சாமர்வெல், பின்னர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை நெய்யூர் மருத்துவமனையில் கழித்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதி. அங்கே வயிற்றுப் புண்ணுக்காக எண்ணற்றோருக்கு அறுவை செய்த அவர், 1948-இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி ஒரு நூலே எழுதினார். குன்னூரில் உணவாராய்ச்சி செய்த இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சத்துக் குறைந்த உணவு உண்ட எலிகளின் வயிற்றில் புண்கள் தோன்றுவதைக் கண்டார்.

திருப்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நிகழ்ந்தது. 1979-இல் இராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், இரைப்பைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும்போது வளைந்த நுண்ணுயிரிகள் இருப்பதைக் கவனித்தார். அமிலத்தில் எந்த உயிரும் வாழாது என்று பிறர் அதை ஏற்கவில்லை. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அடைகாப்பில் இருந்துவிட்டன, கிருமி வளர்ந்திருந்தது! 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர்ப் பெயர் பெற்ற இக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றிலும் அமிலத்தைத் தணித்துக்கொண்டு, கோழைப் பூச்சுக்கு அடியில் குடியிருக்கும் திறமைசாலி அது. பெரும்பாலும் இளவயதிலேயே நம் வயிற்றுக்குள் வந்துவிடுகிறது. அது குடியிருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பெருங்காரணம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதுதான் வலி மாத்திரை. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மூட்டில் வலியை உண்டாக்கும் அதே பொருள்தான் இரைப்பையில் காவல் காக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் மூட்டையும் இரைப்பையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வலியைத் தணிக்கும்போதே காவலையும் விலக்கிவிடுகின்றன. ‘சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. மருந்து இரத்தத்தில் கலந்த பின்னும் இந்த வேலையைச் செய்கிறது.

மிளகாயோ கவலையோ தனியே நின்று புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற புண்ணின் எரிச்சலைக் காரம் கூட்டலாம், அவ்வளவே. புகைபிடித்தலோ புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. மீண்டும் வருவதற்கும் வழிவகுக்கிறது.

அறிகுறிகள்

மேல்வயிற்றின் நடுவில், விலா எலும்புகள் கூடும் இடத்திற்குக் கீழே எரிவது போன்ற அல்லது குடைவது போன்ற வலி பொது அறிகுறி. முன்சிறுகுடற் புண்ணாயின் உண்டபின் 2, 3 மணி நேரம் கழித்தும் நள்ளிரவிலும் வலி எழும். ஏதேனும் உண்டால் தணியும். இரைப்பைப் புண்ணாயின் உண்டவுடன் வலி மிகுவதுண்டு. அதனால் உணவைக் கண்டாலே அஞ்சி மெலிந்துபோவார்கள். இந்தப் பாகுபாடு எல்லோரிடத்திலும் பொருந்துவதில்லை. முதியவர்களிடத்திலும் வலி மாத்திரை உண்போரிடத்திலும் வலியே இல்லாமல் இருந்து, முதல் அறிகுறியே இரத்தக் கசிவாக அமைவதும் உண்டு.

மூன்று பெரிய ஆபத்துகளை யாவரும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது இரத்தக் கசிவு. வாந்தி சிவப்பாகவோ, காப்பித் தூளைக் கரைத்தாற்போலவோ இருக்கும். மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுப்பாய், கடும் நாற்றத்துடன் போகும். இரண்டாவது துளை விழுதல். கத்தியால் குத்தியதுபோல் திடீரென வலி தோன்றும். வயிறு பலகைபோல் இறுகிவிடும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது அடைப்பு. புண் ஆறிய தழும்பு வழியைச் சுருக்கிவிட, நேற்று உண்டது இன்று வாந்தியாக வரும்.

மருத்துவம்

நுனியில் விளக்கும் ஒளிப்படக் கருவியும் பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே செலுத்தி நேரில் பார்ப்பதே புண்ணைக் கண்டறியும் உறுதியான வழி. இரத்தக் கசிவு இருந்தால் அக்குழாய் வழியாகவே ஊசி போட்டோ, கிளிப் மாட்டியோ, சூடு வைத்தோ நிறுத்தவும் முடிகிறது. கிருமி இருக்கிறதா என்பதை அப்போது எடுக்கும் சிறு திசுத்துணுக்கைக் கொண்டோ, மூச்சுச் சோதனை, மலச் சோதனை ஆகியவற்றாலோ அறியலாம்.

சர் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கிய சிமெடிடின் 1976-இல் விற்பனைக்கு வந்தபோது அறுவைச் சிகிச்சைகள் குறையத் தொடங்கின. 1980-களின் இறுதியில் வந்த ஒமிபிரசோல் அமிலச் சுரப்பை இன்னும் வலுவாக அடக்கியது. பேன்டோபிரசோல் முதலியவை அதே இனத்தைச் சேர்ந்தவை. வீடுதோறும் இருந்த ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு மாசு கலந்திருப்பதாக எழுந்த ஐயத்தால் அமெரிக்கா 2020-இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கியது. இந்தியாவும் 2022-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. கிருமி இருப்பின், அமிலம் அடக்கும் மாத்திரையுடன் இரண்டு மூன்று வேறு மருந்துகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் கொடுக்கிறார்கள். கிருமியை முற்றிலும் ஒழித்துவிட்டால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது. ஆயுள் முழுவதும் தொடர்ந்த ஒரு நோய் இரண்டு வாரத்தில் தீரும் நோயாக மாறியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வாரமும் மருந்து நோயாளியின் கையில் இருக்கிறது. செவிலியரின் பணி அங்கேதான் உச்சம் பெறுகிறது.

கட்டிலருகே செவிலியர்

என் பெரியப்பா கைத்தறி நெசவாளர். வயது 61. தறிக்குழியில் கால்வைத்து மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துவிட்டது. ஊரில் ஒரு கடையில் ‘உடம்பு வலிக்கு மாத்திரை’ என்று கேட்டால், சீட்டு எதுவும் கேட்காமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஓராண்டுக்கு மேலாக அதைத்தான் விழுங்கி வந்தார். மலம் கருப்பாகப் போனதை நான்கு நாள் பார்த்திருக்கிறார். ‘சூடு’ என்று இளநீர் குடித்திருக்கிறார். ஐந்தாம் நாள் இரத்த வாந்தி எடுத்து மயங்கினார். 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம்.

அங்கே நான் கண்டதை ஒழுங்குபடுத்திச் சொன்னால் செவிலியர் பணியின் முதற்பகுதி விளங்கும். அவரைப் படுக்க வைத்து, வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடாமல் தலையை ஒருபுறமாகச் சாய்த்தார்கள். இரு கைகளிலும் பெரிய ஊசிக் குழாய் பொருத்தி உப்புநீர் ஏற்றினார்கள். அப்போதே இரத்த வகை பார்க்க மாதிரி எடுத்தனுப்பினார்கள். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். பிறகு பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து அட்டவணையில் குறித்தார்கள். ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே பெரிதன்று. எண்கள் போகும் திசைதான் பெரிது. நாடி 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டும், அழுத்தம் இறங்கிக்கொண்டும், கைகால் சில்லிட்டு வியர்த்தும் இருந்தால் உள்ளே இரத்தம் இன்னும் போகிறது என்று பொருள். சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தாலும் எச்சரிக்கை. வாந்தி, மலம் ஆகியவற்றின் நிறத்தையும் அளவையும் அருவருப்பின்றிப் பார்த்து எழுதினார்கள். அப்படி எழுதிய குறிப்பைப் பார்த்துத்தான் மருத்துவர் அன்றிரவே குழாய்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

இரத்தச் சிவப்பணுப் பொருளாகிய ஹீமோகுளோபின் 6.4 கிராமாக இருந்தது. இரண்டு அலகு இரத்தம் தேவைப்பட்டது. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருவர் வந்து கொடுத்தார்கள் என்பதை இம்மலரில் நன்றியோடு பதிவு செய்கிறேன். இரத்தம் ஏற்றும்போது பையிலுள்ள பெயர், எண், வகை ஆகியவற்றை இருவர் சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் கட்டிலை விட்டு நகரவில்லை; குளிர், காய்ச்சல், அரிப்பு போன்ற ஒவ்வாமைக் குறிகள் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் தோன்றுமாம்.

சோதனை முடிந்து வந்ததும் பெரியப்பா தண்ணீர் கேட்டார். என் பெரியம்மா செம்பை எடுத்தபோது செவிலியர் தடுத்தார். குழாய் செலுத்துவதற்காகத் தொண்டையை மரக்கச் செய்திருப்பார்கள். மரப்பு தெளிந்து விழுங்கும் உணர்வு திரும்புமுன் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இத்தகைய சிறு செய்திகளில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடையிடையே அவர் கையைப் பிடித்து, ‘இரத்தம் நின்னுடுச்சு ஐயா, பயப்படாதீங்க’ என்று அவர்கள் சொன்னதும் மருந்துதான். அச்சம் நீங்காத நோயாளியால் எதையும் கேட்டுக்கொள்ள இயலாது.

கருப்பு மலம் கண்ட இருவர்

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். இரண்டாண்டில் மூன்றாம் முறையாக வந்திருப்பதாகச் சொன்னார். முன்பு வேறோர் இடத்தில் கிருமிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே நாக்கும் மலமும் கருத்துவிட, மறுபடியும் இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரைகளை எறிந்துவிட்டார். அந்த மருந்துகளில் பிஸ்மத் இருந்தது. பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கருக்கச் செய்யும், அதனால் தீங்கில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இருவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அஞ்ச வேண்டிய கருப்பைக் கண்டு என் பெரியப்பா அஞ்சவில்லை. அஞ்ச வேண்டாத கருப்பைக் கண்டு ஓட்டுநர் அஞ்சினார். ஒருவர் இரத்தத்தை இழந்தார். மற்றவர் மருந்தை இழந்தார். இருவருக்கும் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. இல்லாமற்போனது ஒருவர் உட்கார்ந்து சொல்லும் நான்கு வார்த்தைதான். கற்பித்தல் என்பது மருத்துவத்திற்குப் பின் வரும் உபசாரம் அன்று. அதுவே மருத்துவத்தின் ஒரு பகுதி என்று நான் உணர்ந்தது அப்போதுதான்.

நோயாளிக்குக் கற்பித்தல்

எட்டாம் நாள் இரவு, ஊசிகள் எல்லாம் போட்டு முடித்தபின், பணியிலிருந்த செவிலியர் பெரியப்பாவின் கட்டிலருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் இரவில் அவர் ஒருவர்தான். முதலில் கேள்விதான் கேட்டார்.

“ஐயா, பாவுக்குக் கஞ்சி எதுக்குப் போடறீங்க?”

“கஞ்சி போடலைன்னா இழை உராஞ்சு அறுந்துபோயிடும்மா.”

“உங்க வயித்துக்குள்ளயும் அப்படி ஒரு கஞ்சிப் பூச்சு இருக்குங்க. நீங்க முழங்கால் வலிக்குப் போட்ட மாத்திரை அந்தக் கஞ்சியை ஊறவிடாமப் பண்ணிடுச்சு. கூட ஒரு கிருமியும் இருக்கு. அதான் இழை அறுந்து ரத்தம் வந்தது.”

ஐம்பது ஆண்டு தறியில் இருந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “அப்ப அந்த மாத்திரையத் தொடவே கூடாதும்மா” என்று அவரே சொன்னார். பிறருக்குக் கற்பிப்பவர் அவரவர் தொழிலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. அமிலம் அடக்கும் மாத்திரையைச் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது.

2. கிருமிக்கான மாத்திரைகளை, வலி இல்லாவிட்டாலும், சொன்ன நாள் வரை ஒருவேளையும் விடாமல் போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமி அம்மருந்துக்கு அடங்காமற் போகக்கூடும். வாய்க் கசப்பு, இளகிய மலம் உண்டாகலாம். தாங்க முடியாவிட்டால் தாமாக நிறுத்தாமல் வந்து கேட்க வேண்டும். தடிப்பு, மூச்சுத்திணறல் கண்டால் உடனே வர வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். மெட்ரானிடசோல் உண்போர் மதுவை அறவே தொடக்கூடாது.

3. மூட்டுவலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். கடையில் மடித்துத் தரும் பெயரில்லா மாத்திரை வேண்டா. எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு வயிற்றில் புண் வந்து இரத்தம் போயிருக்கிறது’ என்று முதலில் சொல்ல வேண்டும். இதயத்திற்காக ஆஸ்பிரின் உண்போர் அதைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

4. உணவில் பெரிய பத்தியம் ஏதுமில்லை. தயிர்ச்சோறு மட்டுமே உண்டு மெலிய வேண்டியதில்லை. எது உண்டால் தமக்கு எரிகிறதோ அதைத் தவிர்த்தால் போதும். பால் சற்று நேரம் இதமாக இருக்கும். பின்பு அமிலத்தைக் கூட்டும். ஆகவே அது மருந்தாகாது. இரத்தம் இழந்தவர்களுக்குக் கீரை, பயறு, முட்டை நல்லவை.

5. பீடி, சிகரெட், மது கூடா.

6. தார் போன்ற மலம், இரத்த வாந்தி, திடீர்க் கடும் வலி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது கண்டாலும் இரவென்றும் பாராமல் வர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் பிஸ்மத்தாலும் மலம் கருக்கும். ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இராது. ஐயம் இருந்தால் தாமே முடிவு செய்யாமல் வந்து காட்டுவதே நலம். காரணமின்றி எடை குறைவதும், விழுங்கக் கடினமாவதும் உடனே காட்ட வேண்டிய குறிகளே.

7. மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். அச்சோதனைக்கு முன் இரண்டு வாரம் அமிலம் அடக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும்; அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்.

சொல்லி முடித்து அவர் எழுந்துவிடவில்லை. “இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க ஐயா, நான் மறந்துட்டேன்னு வெச்சுக்குங்க” என்றார். பெரியப்பா மூன்று செய்திகளைச் சரியாகச் சொன்னார். முதல் மாத்திரையைச் சாப்பிட்டபின் போடுவேன் என்றார். செவிலியர் கோபிக்கவில்லை. அட்டையை எடுத்து, அதன் பின்புறம் பேனாவால் ஒரு சூரியனும், சூரியனுக்குக் கீழே ஒரு தட்டும் வரைந்து, சூரியனுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தார். “சூரியன் வந்ததும் இது, அரை மணி கழிச்சுத் தட்டு.” எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் யாரும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் செய்வதே உண்மையான தேர்வு. வகுப்பறைக்கும் இது பொருந்தும் என்று நம் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்!

அடுத்த கட்டிலுக்கும் அவர் நகர்ந்தார். ஓட்டுநரிடம் தொடங்கிய கேள்வி வேறு: “அண்ணே, வண்டியில ஆயில் இறங்கினா விளக்கு எரியுமில்ல? எந்த விளக்கு எரிஞ்சா வண்டியை நிறுத்தணும், எது எரிஞ்சா ஓட்டலாம்?” ஓட்டுநர் சிரித்துவிட்டார். கருப்பு நிறத்தின் இரண்டு வகையும் அவருக்கு அன்றிரவு விளங்கியது.

மாணவர் கடமை

இவ்வளவையும் ஒரு செவிலியர் ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ய நேரம் வேண்டும். நெரிசல் மிகுந்த வார்டுகளில் நேரம்தான் கிடைக்காத பொருள். ஆகவே அந்தப் பணியில் ஒரு பங்கை நாம் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் நாம் ஒருவராகவே இருக்கலாம். பாட்டியின் சுருக்குப் பையிலும் அப்பாவின் சட்டைப் பையிலும் என்ன மாத்திரை இருக்கிறது என்று ஒருநாள் பார்ப்போம். வலி மாத்திரை நாள்தோறும் போகிறதென்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதோடு நில்லாமல் திருப்பிச் சொல்லச் செய்வோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், தூய நீர் பருகுதல் ஆகிய பழக்கங்களை வீட்டுச் சிறுவர்களுக்கு ஊட்டுவோம்.

என் பெரியப்பாவுக்குக் கிருமி ஒழிந்துவிட்டதாக மூன்றாம் மாதச் சோதனை காட்டியது. தறியில் நேரத்தைக் குறைத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு அரசு மருத்துவமனையிலேயே பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தெருவில் யாரேனும் உடம்பு வலி என்று அந்தக் கடைப்பக்கம் நடந்தால், அவரே கூப்பிட்டு உட்கார வைத்துப் பாவையும் கஞ்சியையும் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.